கடல் மேலிருந்து சூடாகிறது

2018 நவம்பர் 11 அன்று பூமி சுமார் 20 நிமிடம் முனகியது. கென்யா, எத்தியோப்பியா தொடங்கி சிலி, நியூசிலாந்து, ஹவாய் வரை நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்தன. நிலநடுக்கம் என்றால் கோடு வெடுக்கென்று துள்ளும், பிறகு அடங்கும். இது அப்படியில்லை. ஏறத்தாழ 17 விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஒரே சீரான அலை. மனிதர் யாரும் உணரவில்லை. கோட்டைப் பார்த்த நிலவியலாளர்கள்தான் குழம்பிப்போனார்கள்.

அலை கிளம்பிய இடம் இந்தியப் பெருங்கடலின் மேற்கு ஓரம். மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே, பிரான்சின் ஆட்சியில் இருக்கிற மயோட் தீவின் பக்கம். தீவுக்காரர்களுக்கு அந்த ஆண்டு மே மாதத்திலிருந்தே நிம்மதியில்லை. நாள் தவறாமல் தரை ஆடிக்கொண்டிருந்தது. மே 15 அன்று வந்தது 6 அளவை நெருங்கிய அதிர்வு. வீட்டுக்குள் படுக்கப் பயந்து வெளியில் பாய் விரித்தவர்கள் நிறையப் பேர். கூடவே, அங்கிருந்த ஜி.பி.எஸ். கருவிகள் தீவு முழுவதுமே மெல்ல மெல்லக் கிழக்கே நகர்வதையும் கீழே அமிழ்வதையும் காட்டின.

2019 மே மாதம் 'மரியன் துஃப்ரேன்' என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் அங்கே போய் ஒலியலை அனுப்பிக் கடற்தரையை அளந்தது. 2014-இல் எடுத்த வரைபடத்தில் அந்த இடம் வெறும் தரை. 3,500 மீட்டர் ஆழத்தில் அங்கே ஒன்றுமே இருந்ததில்லை. இப்போது 800 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு மலை நின்றது. ஓராண்டுக்குள் முளைத்த மலை. ஏறத்தாழ 5 கன கிலோமீட்டர் எரிமலைக் குழம்பு வெளியே வந்து உறைந்திருந்தது. பின்னர் அதற்கு 'ஃபானி மாவோரே' என்று பெயர் வைத்தார்கள். மனிதர்கள் பதிவு செய்த கடலடி எரிமலை வெடிப்புகளில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இத்தனையும் நடந்தபோது அதற்கு மேலே கடல் எப்படி இருந்தது? வழக்கம்போல இருந்தது. நீர் கொதிக்கவில்லை, நீராவி எழவில்லை. மலையின் உச்சியிலிருந்து சுமார் 1,900 மீட்டர் வரை ஒரு கலங்கல் எழும்பியதைக் கப்பலின் கருவி காட்டியது. அது கடல் மட்டத்தை எட்டாமல் பாதியிலேயே கரைந்துவிட்டது.

ஆய்வுக் கப்பல்களில் கருவிகளைக் கவனிக்கும் பணியில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். கடலின் வெப்பத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது, கடலைச் சூடாக்குவது எரிமலையா என்ற கேள்விதான். முதலில் கேட்டவர் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிற என் பழைய சிநேகிதர். 2016 கோடை அது. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள், கடற்கரைப் பேச்சில் 'பார்', வெளுத்துக் கிடந்த சமயம்.

"அண்ணாச்சி, பாரெல்லாம் வெள்ள வெளேர்னு கெடக்கு. கடலுக்குக் கீழ எரிமல பொங்குதுன்னு போன்ல வருது. அதாம் தண்ணி இப்பிடிச் சுடுதா?"

நீருக்கு அடியிலேயே வேலை செய்கிற மனிதர். எந்தப் பார் எங்கே இருக்கிறது, எப்போது நீர் தெளியும், கச்சான் காற்று எழும்பினால் அடிநீர் எப்படிக் கலங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பூமிக்குள் நெருப்பு இருக்கிறது, கடலுக்கு அடியில் எரிமலைகள் இருக்கின்றன, கடல் சூடாகிறது. மூன்றும் உண்மை. மூன்றையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு. மயோட் செய்தி வந்ததும் மறுபடி கேட்டார். இந்த முறை கணக்குப் போட ஒரு நல்ல உதாரணம் என் கையில் இருந்தது.

5 கன கிலோமீட்டர் குழம்பு என்றால் சுமார் 1,350 கோடி டன். அது 1,200 டிகிரி சூட்டில் வெளியே வந்து, கடற்தரையின் 2, 3 டிகிரிக்குக் குளிர்ந்து உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோ குழம்பும் தன் சூட்டை முழுக்க நீருக்குக் கொடுத்துவிடுகிறது. உறையும்போது வெளிப்படும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்கலாம். இத்தனையும் எவ்வளவு? உலகக் கடல்கள் இப்போது ஒரே ஒரு நாளில் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவு.

தாளில் எழுதி, பெருக்கி, மறுபடி சரிபார்த்தேன். அதே விடைதான். தீவை ஆட்டி, உலகையே முனகவைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொங்கிய மலை அது. அது கொடுத்த மொத்தச் சூட்டைக் கடல் ஒரு பகல், ஓர் இரவில் வேறொரு வழியாக வாங்கிக்கொள்கிறது. மறுநாளும் அவ்வளவு. அதற்கு மறுநாளும் அவ்வளவு. கடல் சூடாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உண்மையாக உறைத்தது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான்.

"ஒரு மலைதானே அது? ஆயிரம் மலை இருக்குமே" என்றார் அவர். அதுவும் சரிதான். கடலடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் உலகைச் சுற்றி ஓடுகிறது. பூமியின் தட்டுகள் பிரிந்து விலகும் இடம் அது. உலகில் வெளிவரும் எரிமலைக் குழம்பில் பெரும்பங்கு நிலத்தில் வருவதில்லை, இந்தத் தொடரில்தான் வருகிறது. நம் இந்தியப் பெருங்கடலின் நடுவிலும் இதன் கிளைகள் உண்டு. 2024 டிசம்பரில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தாரும் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றை இறக்கி, 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் கக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்தார்கள். இப்படிப்பட்ட ஊற்றுகளை மனிதர் முதன்முதலில் பார்த்தது 1977-இல், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகில். சில ஊற்றுகளில் நீர் 350 டிகிரியைத் தாண்டும். அந்த ஆழத்தின் அழுத்தம் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம் என்பதால் அது கொதிக்காது. வாயை விட்டு வெளியே வந்ததும் சுற்றியிருக்கும் குளிர்நீரோடு கலந்து சில மீட்டருக்குள்ளேயே அதன் சூடு அடங்கிவிடும்.

இந்தத் தொடர்கள், ஊற்றுகள், தரையின் வழியே மெல்லக் கசிகிற பூமியின் உள்வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். கடற்தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சராசரியாக மேலே வருவது 0.1 வாட் அளவு. கடலின் மேற்பரப்பு வழியாக இப்போது கூடுதலாக உள்ளே சேரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட். பத்து மடங்கு. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அடியிலிருந்து வரும் அந்த 0.1 வாட் புதிதல்ல. நம் பாட்டன் காலத்திலும் வந்தது, சோழர் கப்பல் விட்ட காலத்திலும் வந்தது. அந்த வரவுக்கு ஏற்றபடி கடல் எப்போதோ தன் கணக்கைச் சமன் செய்துகொண்டுவிட்டது. கடலின் சூடு ஏற வேண்டுமானால் வரவு கூட வேண்டும், அல்லது செலவு குறைய வேண்டும். எரிமலைகள் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் பத்து மடங்கு பெருகிவிட்டன என்பதற்கு எந்த அளவீட்டிலும் தடயம் இல்லை.

எண்களை நம்பாதவர்களுக்கு நான் சொல்வது நீரைத் தொட்டுப் பார்த்த கதை.

ஆழத்து நீரை எடுக்க சி.டி.டி. என்று ஒரு கருவியைக் கடலில் இறக்குவோம். வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்தபடியே போகும். சுற்றிலும் உருளை வடிவில் நீர் பிடிக்கும் குப்பிகள். எஃகு வடத்தில் தொங்கும் அதை வின்ச் போட்டு 4,000 மீட்டருக்கு இறக்கி ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாக வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் தெர்மாகோல் டம்ளரில் தங்கள் பெயரை எழுதி ஒரு வலைப்பையில் கட்டி அதோடு அனுப்புவார்கள். அழுத்தத்தில் நசுங்கி, கட்டை விரல் அளவுக்குச் சுருங்கித் திரும்பும். எழுதிய பெயரும் எழுத்து மாறாமல் சிறுத்திருக்கும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதியம். மேல்தளத்து இரும்பில் வெறுங்காலை வைக்க முடியாது. கடலின் மேல்நீர் 29 டிகிரி. திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. நூறு மீட்டர் தாண்டியதும் சரசரவென்று சரிந்தது. 1,000 மீட்டரில் ஒற்றை இலக்கம். 4,000 மீட்டரில் ஒன்றரை டிகிரி அளவில் நின்றது. கருவி மேலே வந்ததும் குப்பிகளின் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. மாதிரி பிடிக்கக் குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. வெப்பமண்டலத்தின் நட்டநடுவில், எரிமலைத் தொடர் ஓடுகிற அதே பெருங்கடலின் அடியிலிருந்து வந்த நீர் அது. அந்த நீர் அண்டார்டிகாவின் ஓரத்தில் குளிர்ந்து, கனத்து, மூழ்கி, தரையோடு தரையாக வடக்கே வந்து சேர்ந்தது. அடியில் நெருப்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த நெருப்பின் மேல் கிடப்பது இவ்வளவு பெரிய குளிர்.

அடுப்பில் வைத்த பானையில் நீர் அடியிலிருந்துதான் சூடேறும். கடலை எரிமலை சூடாக்குகிறது என்றால் முதலில் சூடாக வேண்டியது அடிநீர். மேல்நீர் கடைசியில்தான் சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது.

இதற்கு நம்மிடம் இருக்கிற பழைய சாட்சி 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய அந்தக் கப்பலில், சணல் கயிற்றில் வெப்பமானிகளைக் கட்டி இறக்கி, இடம் இடமாக ஆழத்தின் சூட்டைக் குறித்து வைத்தார்கள். கயிறு எவ்வளவு வளைந்தது, அழுத்தத்தில் கண்ணாடி எவ்வளவு நசுங்கியது என்பதையெல்லாம் பிற்காலத்தவர் திருத்திக்கொள்ளும்படி விவரமாக எழுதியும் வைத்தார்கள். அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது, ஒரே தொழில் செய்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. 2012-இல் மூன்று ஆய்வாளர்கள் அந்த எண்களை இன்றைய அளவீடுகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். மேற்பரப்பில் சராசரியாக 0.59 டிகிரி ஏறியிருந்தது. 366 மீட்டர் ஆழத்தில் 0.39. 914 மீட்டரில் 0.12. ஆழம் கூடக் கூட ஏற்றம் குறைகிறது. சூடு மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

இன்றைய அளவீடுகள் பெரும்பாலும் ஆர்கோ மிதவைகளிலிருந்து வருபவை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் உருளை, உச்சியில் ஓர் ஏரியல். கப்பலின் பின்பக்கத்திலிருந்து மெதுவாக நீரில் இறக்கிவிட்டால் போதும். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து கிடக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். பேட்டரி தீரும்வரை இதே வேலை. உலகக் கடல்களில் இப்போது ஏறத்தாழ 4,000 மிதவைகள் இருக்கின்றன. இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. நான் இறக்கிவிட்ட மிதவை ஒன்று எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஊரில் உட்கார்ந்தபடி வரைபடத்தில் பார்ப்பேன். பெற்ற பிள்ளை வெளியூரில் இருக்கும் உணர்வு எனக்கு.

சரி, மேலேயிருந்து இறங்கும் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சூரியனிடமிருந்துதான். ஆனால் சூரியன் கூடுதலாக எரியவில்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஒளியை அளந்துகொண்டே இருக்கின்றன. 11 ஆண்டுக்கு ஒரு முறை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு ஏறி இறங்குவது தவிர வேறு ஏற்றம் எதுவும் இல்லை. மாறியிருப்பது செலவுப் பக்கம். பகலில் வாங்கிய சூட்டைக் கடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானுக்குத் திருப்பிக் கொடுக்கும். நடுவில் காற்றில் இருக்கும் கரியமில வாயுவும் நீராவியும் அதில் ஒரு பகுதியைப் பிடித்து மறுபடி கீழே அனுப்பும். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் முன்னைப்போல் தன் சூட்டை இறக்கிவைக்க முடியவில்லை. இப்படிப் பூமியில் மிஞ்சும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. காற்று முழுவதும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் மூன்று மீட்டரே தாங்கிவிடும். அதனால்தான் நாம் நிலத்தில் உணரும் கூடுதல் வெயில் மொத்தக் கணக்கில் சிறு மிச்சம்.

இங்கே எரிமலைக் கட்சிக்காரர் இன்னொரு கேள்வி கேட்பார்: அந்தக் கரியமில வாயுவே எரிமலை விட்டதாக இருக்கலாமே? நிலத்திலும் கடலிலும் உள்ள எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது, நாம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து விடுவதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். பெரிய எரிமலை வெடிப்பு உண்மையில் செய்வது பெரும்பாலும் எதிர்வேலை. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினதூபோ வெடித்தபோது அது வானில் தூவிய கந்தகத் துகள்கள் வெயிலைத் தடுத்தன. உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது, கடலும் கொஞ்ச காலம் குளிர்ந்தது. 2022 ஜனவரியில் டோங்காவில் வெடித்த ஹுங்கா எரிமலை மட்டும் விதிவிலக்கான வகை. ஆழம் குறைந்த இடத்தில் வெடித்ததால் ஏராளமான கடல்நீரை ஆவியாக்கி மேல்வானம் வரை தூக்கி எறிந்தது. அதுவும் கடலைக் கீழிருந்து சுடவைக்கவில்லை.

என் சிநேகிதருக்கு இந்தச் சண்டையெல்லாம் பெரிதில்லை. அவருக்கு அவருடைய பார் வேண்டும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுக்கிறது. காற்று விழுந்துபோகிற கோடையில், வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். கச்சான் சீக்கிரம் எழும்பி நீரைக் கலக்கிக் குளிர்வித்தால் பாசி திரும்பும், பவளம் தேறும். தாமதமானால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகள் வந்தன. அங்கே அடியில் எரிமலை எதுவும் இல்லை. நமக்குப் பக்கத்து உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவு. தூத்துக்குடியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி ஏறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி ஏற்றத்தைவிட இது அதிகம். முன்பு எப்போதாவது எல்லையைத் தொட்ட கோடை இப்போது எல்லைக்கு அருகிலிருந்தே தொடங்குகிறது. 2016-இல் அவர் பார்த்தது இதைத்தான்.

சூடான நீர் விரிகிறது என்பதும் கரையில் வீடு வைத்திருக்கிற எல்லோரும் அறிய வேண்டியது. 1971 முதல் 2018 வரை கடல்மட்டம் உயர்ந்ததில் பாதிக்குக் காரணம் பனி உருகியது அல்ல, நீர் சூட்டில் பருத்ததுதான்.

கடைசியாக அவர் மடக்கிய கேள்வி ஒன்று. "அடியில சூடே ஏறலையா அண்ணாச்சி?" ஏறுகிறது. மிகச் சிறிய அளவில், 4,000 மீட்டருக்குக் கீழும் வெப்பம் கூடியிருப்பதை 1990-களிலும் 2000-களிலும் எடுத்த அளவீடுகளை வைத்து 2010-இல் கண்டுபிடித்தார்கள். எரிமலைக் கட்சிக்கு இது சாதகம் என்றுதான் முதலில் தோன்றும். எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்தால் அப்படியில்லை. ஏற்றம் மிக அதிகம் அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில். அங்கிருந்து வடக்கே வர வர அது குறைகிறது. எரிமலைத் தொடரின் வரைபடத்தோடு அது பொருந்தவில்லை. குளிர்ந்து மூழ்கிய நீர் வரும் பாதையோடு பொருந்துகிறது. மூழ்கும் இடத்தில் நீர் பழைய அளவுக்குக் குளிர்ந்து மூழ்குவது குறைந்திருக்கிறது. நான் குப்பியில் பிடித்து விரல் மரத்த நீரின் பிறப்பிடம் அது. அதைப் பின்தொடர 6,000 மீட்டர் வரை இறங்கும் புது வகை மிதவைகளைச் சில கடல்களில் விட்டிருக்கிறார்கள். அவற்றின் எண்ணிக்கை இன்னும் போதாது. பழைய மிதவைகள் 2,000 மீட்டரோடு திரும்பிவிடுகின்றன. கடலின் கீழ்ப்பாதியை நாம் இன்னமும் கப்பல் போய் வடம் இறக்கினால்தான் பார்க்கிறோம்.